ஒரு நடைக்கு ஒரு வீடு

சாலம்மாள் எனக்குச் சித்தப்பன் மகள். ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே எங்கள் காடும் அவர்கள் காடும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் விளைந்தவை. புதன்சந்தைக்கு அடுத்த ஊரில் அப்புசாமிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்புசாமியின் தாயார் எங்கள் பெரியம்மாவின் நாத்தனாருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி; அந்த வழியில் வந்த சம்பந்தம். போன புதிதில் மானாவாரி நிலக்கடலைதான். பிறகு ஊரெல்லாம் கோழிப்பண்ணை போட்டபோது அவர்களும் ஒரு கொட்டகை போட்டார்கள். விடிந்தால் தீவனம், முட்டை பொறுக்குவது, அட்டையில் அடுக்குவது, லாரிக்காரனுக்குப் போன் போடுவது. அவள் வாழ்க்கை பெரும்பாலும் இதுதான்.

பிள்ளை ஒன்றுதான், சிவக்குமார். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். அப்புசாமிக்கு மூட்டு வலி வந்து தீவன மூட்டை தூக்க முடியாமல் போனபோது, யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்து பண்ணையைப் பார்த்துக்கொண்டான். நல்ல பையன். பேச்சு கொஞ்சம் குறைவு. வயது முப்பத்தாறு ஆகியும் கல்யாணம் ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் இது இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் கதை. பெண் வீட்டில் முதல் கேள்வியே, "பையன் எந்தக் கம்பெனியிலீங்க?" என்பதுதான். பண்ணை என்றதும் காப்பித் தம்ளர் உள்ளே போய்விடும். சாலம்மாளுக்கு இருந்த ஒரே வெசனம் இது. கண் மூடுவதற்குள் மகனுக்கு ஒருத்தி வந்துவிட வேண்டும். வேறெதையும் அவள் சாமியிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெண் பார்க்கப் போவதில் எங்கள் வகையறாவுக்கு ஒரு முறை உண்டு. ஒரு நடைக்கு ஒரு வீடுதான். ஒரு வீட்டில் பெண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே இன்னொரு வீடு ஏறக்கூடாது. வழியில் எங்கும் இறங்காமல் வீடு வந்து, காலைக் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்த பிறகுதான் அடுத்த இடத்தைப் பற்றி வாயைத் திறக்கவேண்டும். எங்கள் பெரிய மாமன் ஒருமுறை காளிப்பட்டியில் ஒரு வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்கும் போனார். முதல் வீட்டுக்காரர் அங்கே மோர் குடிக்க வந்து உட்கார்ந்திருந்தார். "சந்தையில கத்திரிக்காய் பொறுக்கறீங்களாக்கும்?" என்று அவர் கேட்டது மாமன் சாகும்வரை அவரைத் தொடர்ந்தது. அந்தச் சமயம் சாலம்மாள் பாவாடை கட்டிய பிள்ளை. அவளுக்கு அது ஆழமாகப் பதிந்துவிட்டது.

போன தை மாதம் நாமக்கல்லில் ஒரு ஜாதகத் தகவல் நிலையத்தில் சிவக்குமாரின் பெயரைப் பதிந்தார்கள். முன்னெல்லாம் அங்கே ஜாதகக் கட்டைப் பிரித்துக் கையில் கொடுப்பார்கள். இப்போது எல்லாம் போனில். அங்கே வேலை செய்யும் கயல்விழி என்ற பெண் சாலம்மாளின் போனில் அவர்களுடைய ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள்.

"அம்மா, மேல இடது மூலையில மூணு கோடு தெரியுதுங்களா? அதுதான் மெனு. அத அமுத்துனா எல்லாம் அதுக்குள்ள இருக்குதுங்க. தேடறது, நீங்க பாத்தது, விருப்பம் அனுப்புனது எல்லாம்."

"எங்க கூட்டத்துப் பொண்ணுங்களும் வருமா சாமி? அதைக் காட்டாத மாதிரி பண்ணிப்போடு. பங்காளி ஊட்டுப் புள்ளைய நாம் பாக்கக்கூடாது."

"அதுக்குன்னு தனியா இருக்குதுங்க. காடை கூட்டம்தானுங்களே? இந்தா, மறைச்சுட்டேன். இனி உங்க கூட்டத்துப் பொண்ணு ஒண்ணுகூட வராதுங்க."

ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கச்சி. முகம் தெரியாதவர்களானாலும், ஊர் விட்டு ஊர் போய்த் தலைமுறை கடந்தாலும் அதுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அன்றிலிருந்து மத்தியான நேரத்தில் முட்டை வேலை முடிந்ததும் சாலம்மாள் வேப்பமரத்தடிக் கட்டிலில் போனோடு உட்காருவாள். ஒரு பெண்ணின் படத்தைத் தொட்டுத் திறப்பாள். படிப்பு, நட்சத்திரம், தாய் தகப்பன் பெயர் எல்லாம் வாய்விட்டுப் படிப்பாள். பிறகு அந்தப் பக்கத்தைவிட்டு வெளியே வரவேண்டுமே. படத்துக்கு மேலே ஒரு அம்புக்குறி இருந்தது. அதைத் தொட்டால் பெண்கள் வரிசையாக நிற்கும் பக்கத்துக்குத்தான் வரும். அது அவளுக்கு நடுத்தெருவில் நிற்பது மாதிரி. அங்கிருந்தே அடுத்த படத்தைத் தொட்டால் பெரிய மாமன் செய்த காரியம் ஆகிவிடாதா? அதனால் அவள் போனின் அடியில் இருக்கும் பின்னால் போகும் பொத்தானை அமுத்துவாள். வரிசை வரும். மறுபடி அமுத்துவாள். முகப்பு வரும். மறுபடியும் அமுத்துவாள். 'வெளியேற இன்னொரு முறை அழுத்தவும்' என்று வரும். அமுத்துவாள். ஆப் மூடிக்கொள்ளும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து திறப்பாள்.

நான் ஒரு நாள் போயிருந்தபோது இதைப் பார்த்தேன்.

"ஏன் சாலா, எந்திரிச்சு எந்திரிச்சுப் போற?"

"ஊட்டுக்கு வந்துட்டுப் போறேன் அண்ணா."

எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. முறையாகத்தான் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அப்புசாமிதான் சிரித்தார். "மச்சான், உங்க தங்கச்சி இந்தத் தையில குடிச்ச தண்ணிக்குப் போர் வத்திப்போகும்."

"நீங்க ஒரு பொண்ணு பாத்துட்டு வந்து பேசுங்க" என்றாள் அவள்.

அதில் இரண்டு சங்கதி அவளுக்குத் தெரியாது. கயல்விழி கூட்டத்தை மறைத்துவிட்டு, அதைச் சேமிக்கும் பொத்தானைத் தொட மறந்திருந்தாள். அதனால் முழுக்க வெளியே வந்து திரும்பத் திறக்கும்போது அந்த மறைப்பு இருக்காது. எல்லாக் கூட்டத்துப் பெண்களும் வருவார்கள். இன்னொன்று, ஆப்பைத் திறந்ததும் பக்கத்து ஊர்ப் பெண் யாராவது ஒருத்தியின் படம் திரை முழுக்க வரும். அதைத் தள்ளினால்தான் வரிசை. அந்தப் படம் திரையில் வந்தாலே, இன்னார் உங்கள் மகளைப் பார்த்தார்கள் என்று அந்தப் பெண் வீட்டுப் போனுக்குச் செய்தி போய்விடும்.

சாலம்மாளுக்குத் திறக்கும்போதெல்லாம் வந்தது சேந்தமங்கலத்துப் பெண் ஒருத்தி. பெயர் யுவஸ்ரீ. வட்ட முகம், நீலச் சேலை. முதலில் சாலம்மாள் தள்ளிவிட்டாள். தினமும் வந்தது. ஒரே மத்தியானத்தில் பல தடவை வந்தது. அவள் மனதில் வேறொன்று ஓட ஆரம்பித்தது.

"அண்ணா, எத்தன தரம் போய்ட்டு வந்தாலும் இந்தப் புள்ளதான் வாசல்ல வந்து நிக்குது. சாமி என்னமோ சொல்லுது பாரு."

"கூட்டம் என்னன்னு பாத்தியா?"

"எங்க கூட்டந்தான் வராதே. அந்த ஆபீசுப் புள்ள மறைச்சுவெச்சுட்டாளே."

கூட்டத்தின் பெயர் படத்துக்கு வெகு கீழே, இரண்டு மூன்று தரம் தள்ளினால் வரும் இடத்தில் இருந்தது. அவள் தள்ளவில்லை. மாசி பிறந்த அன்று காலையில் தலைக்குக் குளித்து, போனுக்கே ஒரு பொட்டு விபூதி வைத்து, விருப்பம் என்ற பொத்தானை அமுத்தினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் பழைய சோறு தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏனுங்க, சிவக்குமாரோட அம்மாங்களா? நான் சேந்தமங்கலம் சரவணமுத்துங்க. யுவஸ்ரீ அப்பா."

"ஆமாங்க, சொல்லுங்க, சொல்லுங்க" என்று சாலம்மாள் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"நீங்க என்ன கூட்டமுங்க?"

"காடைங்க."

"நாங்களும் காடைதானுங்க."

அந்தப் பக்கத்தில் போனை வேறு யாரோ பிடுங்கினார்கள். அவர் சம்சாரம் பொன்னாத்தாள்.

"ஏனம்மா, பொங்கல் கழிஞ்சதுல இருந்து என்ற மகள ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பாக்கறீங்க. போன் கத்திக்கிட்டே கெடக்குது. சரி, என்னமோ புடிச்சுப்போச்சுன்னு நாங்களும் இருந்தோம். இப்பப் போட்டிருக்கற கூட்டத்தப் படிச்சா பங்காளி! தங்கச்சிய அண்ணனுக்குக் கேக்கறீங்களே, நல்லாருக்குதா? பங்குனியில குலசாமி கோயில்ல மொகத்துல முழிக்கோணுமல்ல?"

போன் நின்றுவிட்டது. சாலம்மாள் சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், இந்தப் பேச்சு நாலு வீட்டுக்குப் போனால் சிவக்குமாருக்குப் பெண் கொடுக்க நினைக்கிறவர்களும் பின்வாங்குவார்களே என்பதுதான். கூட்டம்கூடப் பார்க்காமல் பெண் கேட்கிற வீடு என்று ஒருமுறை பெயர் வந்தால் அதை எதைக்கொண்டு கழுவுவது?

அவளுக்குத் தோன்றிய வழி ஒன்று. போன வழியே திரும்பி வந்தால் கேட்டது கேட்காததாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். ஆப்பைத் திறந்து யுவஸ்ரீயின் படத்துக்குப் போய், பின்னால் போகும் பொத்தானை அமுத்தினாள். வெளியே வந்தாள். விருப்பம் போய்விட்டதா என்று பார்க்க மறுபடி திறந்தாள். இருந்தது. மறுபடி பின்னால். மறுபடி திறந்தாள். உச்சிப்பொழுது வரைக்கும் இப்படி. ஒவ்வொரு திறப்புக்கும் சேந்தமங்கலத்தில் ஒரு செய்தி விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் சிவக்குமார் கொட்டகையிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கயல்விழிக்குப் போன் போட்டான்.

"அம்மா, ஐயோ, நிறுத்துங்கம்மா!" என்றாள் கயல்விழி. "அந்தப் பொத்தான் நீங்க இருக்கற எடத்தத்தான் மாத்துமுங்க. அனுப்புன விருப்பம் அனுப்புனதுதான். மூணு கோட்ட அமுத்துங்க. அனுப்பியவைன்னு இருக்குதுங்களா? அதுக்குள்ள போயி, திரும்பப் பெறுன்னு இருக்கறத அமுத்துங்க. ஆச்சுங்களா? சேமிக்காம விட்டது என்ற தப்புதானுங்க. அவங்களுக்கு நானே சொல்லிடட்டுங்களா?"

"வேண்டாம் சாமி. நீ சொன்னா அது ஆபீசு சொன்னதாப் போகும். நான் நேர்ல போறேன்."

என்னையும் கூப்பிட்டாள். அப்புசாமி அதே கூட்டம், அவர் பேசினால் பங்காளிச் சண்டையாகிவிடும், பிறந்த வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருக்கட்டும் என்றாள். வெற்றிலை பாக்கு, பூ, பழம் எதுவும் எடுக்கவில்லை. அதை எடுத்தால் மறுபடியும் பெண் கேட்க வந்த மாதிரி. பண்ணையிலிருந்து இரண்டு அட்டை முட்டையை மட்டும் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சரவணமுத்துவின் வீடு கொல்லிமலை போகும் ரோட்டின்மேல் இருந்தது. அவர் "வாங்க" என்றார், எழுந்திருக்கவில்லை. பொன்னாத்தாள் வாசற்படியிலேயே நின்றாள்.

"மருமகளப் பாக்க வந்தீங்களா, மகளப் பாக்க வந்தீங்களா?"

"மகளத்தான் தங்கச்சி" என்றாள் சாலம்மாள். "பங்காளி ஊடுன்னு தெரியாம வந்துட்டேன். கண்ணுந் தெரியல, போனுந் தெரியல. வையறதுன்னா உள்ள உட்காந்து வையி. இந்த முட்டை வெயில் தாங்காது."

பொன்னாத்தாளுக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. முட்டையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்தோம். சாலம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். ஒவ்வொரு பெண்ணைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்ததை அவள் சொன்னபோது, அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யுவஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"பெரியம்மா, எங்க ஊட்டு வாசல் வரைக்கும் இத்தன தரம் வந்திருக்கறீங்க, தண்ணிய மட்டும் உங்க ஊட்டுல போயிக் குடிச்சிருக்கறீங்களே!"

அந்தப் பெரியம்மா என்ற சொல்லில்தான் வீடு கொஞ்சம் இளகியது. சரவணமுத்து எழுந்து மின்விசிறியைப் போட்டார். "நானுந்தான் ஆடு விக்கற ஆப்ல, பாத்துட்டுத் திரும்பறேன்னு ஒரு கெடாயை வாங்கிப்போட்டேன்" என்றார். பொன்னாத்தாள் அவரை முறைத்தாள். "அத இப்ப யாரு கேட்டா?"

காப்பி வந்தது. யுவஸ்ரீ சாலம்மாளின் போனை வாங்கிச் சிவக்குமாரின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "அண்ணனா இது? ஆதார் கார்டுப் போட்டோவப் போட்டா எவ பாப்பா?" என்றாள். உள்ளபடியே அந்தப் படத்தில் அவன் எதற்கோ பிடித்துவைக்கப்பட்டவன் போல இருந்தான்.

பொன்னாத்தாள் பேச்சோடு பேச்சாகப் பையனைப் பற்றி விசாரித்தாள். பண்ணையில் எத்தனை கோழி, குடிப்பானா, கோபம் வருமா.

"என்ற அண்ணன் மக ஒருத்தி ராசிபுரத்துல இருக்கறா" என்றாள். "கிருத்திகா. கோழித் தீவனம் பரிசோதிக்கற லேப்ல வேலை. வார எடத்தையெல்லாம் வேண்டாங்கறா. பெங்களூர்ப் பையன் ஒருத்தன் வந்தான், அவன் ஆபீஸ் பேச்சு முடியறதுக்குள்ள தூங்கிப்போனேன்னு சொல்றா. என்ற பொறந்த ஊடு ஆந்தை கூட்டம். உங்களுக்கு முறைதான்."

நான் விரல் மடக்கிப் பார்த்தேன். யுவஸ்ரீக்கு மாமன் மகள். யுவஸ்ரீக்கு அண்ணன் முறை சிவக்குமார். அவனுக்கும் மாமன் மகள்தான். சாலம்மாள் பிறந்த எங்கள் கூட்டமும் வேறு. எங்கேயும் இடிக்கவில்லை. சாலம்மாளிடம் தலையாட்டினேன்.

"ஆனா அவ போட்டோவப் பாத்து ஒண்ணுஞ் சொல்லமாட்டா" என்றாள் பொன்னாத்தாள். "நேர்ல பாக்கோணும்பா. அதுவும் பெரியவங்க கும்பலோட வேண்டாம்பா."

"அவ இஷ்டம் தங்கச்சி. எப்ப வேணாலும் வரட்டும். நான் குறுக்க வரமாட்டேன்."

அடுத்த வாரம் ஒரு வேலை நாளில், யாருக்கும் சொல்லாமல், கிருத்திகா ஸ்கூட்டரில் பண்ணைக்கு வந்துவிட்டாள். இதைச் சாலம்மாள் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். அவள் தொட்டியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாளாம். ஹெல்மெட்டைக் கழற்றியபடி அந்தப் பெண், "அம்மா, சிவக்குமார்ங்கறவர் இருக்கறாருங்களா? பொன்னாத்தா அத்தை சொன்னாங்க" என்று கேட்டிருக்கிறாள். சாலம்மாளுக்குக் கையில் இருந்த போசி தொட்டிக்குள் விழுந்தது. கொட்டகையைக் காட்டினாள். கூடப் போகவில்லை. சொன்ன சொல் இருக்கிறதே.

தொட்டியடியிலிருந்து கொட்டகைக்குள் நடப்பது பாதிதான் தெரியும். அவன் கையில் முட்டை அட்டையோடு நின்றான். லுங்கியை இறக்கிவிட அவனுக்குக் கை காலி இல்லை. அந்தப் பெண் தீவனத்தொட்டியில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். என்னமோ கேட்டாள். அவன் என்னமோ சொன்னான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். சாலம்மாளுக்கு உயிர் போய் வந்தது. பிறகு பார்த்தால் அவன் மூட்டையைப் பிரித்துக் காட்டுகிறான், அவள் உள்ளங்கையில் போட்டு ஊதுகிறாள். தீவனத்தில்தான் சண்டை.

"மவராசி, பேசறது மக்காச்சோளமா இருந்தாலும் பேசறானே" என்று நினைத்துக்கொண்டாளாம். வீட்டில் அவனை ஒரு நாளில் இத்தனை பேசி அவள் கேட்டதில்லை.

அப்புசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யாரது?" என்றார்.

"சத்தம் போடாதீங்க. படுங்க."

வெயில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் இருவரும் வெளியே வந்தார்கள். அவன் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். அந்தப் பெண் மட்டும் ஸ்கூட்டருக்கு வந்தாள். தலைமுடியில் தவிடு ஒட்டியிருந்தது. சாலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"காப்பி குடிச்சுட்டுப் போலாம் சாமி."

"இன்னொரு நாளைக்குங்க. லேப்ல தேடுவாங்க." வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "வாரேங்க அத்தை."

வரும்போது அம்மா, போகும்போது அத்தை. சாலம்மாள் புழுதி அடங்கும் வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொன்னாத்தாளும் அதுக்கு அத்தைதானே. மொறைக்குச் சொல்லியிருக்கும்" என்றார் அப்புசாமி.

"நீங்க ஒண்ணுஞ் சொல்லவேண்டாம். அது எந்த மாதிரி சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியும்."

விளக்கு வைக்கும் நேரத்தில் சரவணமுத்துவின் போன் வந்தது. அவர் பெண் வீட்டின் சார்பாகப் பேசினார். கிருத்திகா சரி என்று சொல்லிவிட்டாளாம், ஆனால் தீவனத்தை மட்டும் அவள் சொல்கிற இடத்தில் வாங்கவேண்டுமாம். போனைக் காதில் வைத்தபடியே சாலம்மாள் கொட்டகைப் பக்கம் நடந்தாள். "சிவா, அந்தப் பழைய தீவனக்காரனுக்குச் சொல்லிரு, இனி வேண்டாம்னு" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து, "அப்பவே சொல்லிட்டேன்ம்மா" என்று பதில் வந்தது.